வளவு அறைக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

2025 ஆடிக் கடைசியில் என் மருமகன் ஒரு கொட்டேஷன் தாளோடு காரைக்குடி கல்லுக்கட்டியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்தான். ஆச்சி மகன், எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். காரைக்குடியிலேயே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். "அம்மான், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துடுறேன்" என்றான். கேமிங் கம்ப்யூட்டருக்காக ஆச்சி ஒதுக்கியிருந்த தொகை 1,20,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்பதையும் அவனே சொல்லிவிட்டான்.

தாளில் இருந்தவை இவை. கோர் ஐ7 12700எஃப் பிராசசர், அதற்கு லிக்விட் கூலர், 16 ஜிபி ராம் ஒரே குச்சியாக, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க், '750 வாட்' என்று மட்டும் எழுதிய பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் ஏழு வண்ண விளக்கு ஃபேனும் வைத்த கேபினெட், 22 இன்ச் 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். மொத்தம் 98,000. யுபிஎஸ் இல்லை.

"கேம்ல படத்தை வரையுறது எதுடா?"

"கிராபிக்ஸ் கார்டு."

"அதுக்கு இந்தத் தாள்ல எவ்வளவு போட்டிருக்கு?"

16,500. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. லிக்விட் கூலருக்கும் விளக்குக் கேபினெட்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே தொகை போயிருந்தது. அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

கடைக்காரரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஐ7, விளக்கு, பெரிய நம்பர். கேட்டதைத்தான் எழுதித் தந்திருக்கிறார். ஆனால் அந்தக் கார்டு விஷயம் வேறு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2022இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் இழுக்கும். அதன் நினைவகப் பாதை 128 பிட். 2024இல் அதே பெயரோடு வந்த 6 ஜிபி கார்டு 70 வாட், 96 பிட், கோர்களும் குறைவு. ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரில் செருகுவதற்கு அது நல்ல கார்டுதான். அதை ஐ7 பக்கத்தில் வைப்பது, ஆயிரம் ஜன்னல் வீட்டைக் கட்டிவிட்டு வாசலை ஒரு முழத்துக்கு வைத்தது போல.

முதலில் திரை

பார்ட்ஸ் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு என்ன விளையாடுவான் என்று கேட்டேன். வேலோரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 தினமும். ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077 லீவு நாளில். ஜிடிஏ 6க்கும் சேர்த்துத்தான் வாங்குகிறேன் என்றான். அதைக் கன்சோலுக்கு மட்டும்தான் அறிவித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. கல்லூரி வேலைக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருள்கள் வேண்டும்.

இதில் இரண்டு விதமான பசி இருக்கிறது. வேலோரண்ட் மாதிரி போட்டி கேம்களுக்குக் கார்டு பெரிதாக வேண்டாம். வினாடிக்கு நிறைய ஃபிரேம் வேண்டும், அதைக் காட்டத் திரையில் ஹெர்ட்ஸ் வேண்டும். 75 ஹெர்ட்ஸ் திரையில் கம்ப்யூட்டர் 200 ஃபிரேம் தந்தாலும் கண்ணுக்கு வருவது வினாடிக்கு 75 முறை மாறும் படம்தான். சைபர்பங்க் மாதிரி கேமுக்கு நேர் எதிர்: கார்டு மூச்சு வாங்கும், 60, 70 ஃபிரேம் வந்தாலே திருப்தி.

அப்புறம் திரையின் நுணுக்கம். 1080பி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு ஒன்றே முக்கால் மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். 4கே என்றால் 83 லட்சம். இந்தத் தொகையில் அந்தப் பேச்சே வேண்டாம். சாலிட்வொர்க்ஸ் திரையில் டூல்பாரே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் 27 இன்ச், 1440பி, 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் என்று முடிவு செய்தோம். விலை 17,500. திரை முடிவான பிறகுதான் கார்டு பற்றிப் பேசவே முடியும். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெட்டிக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, கடைசியில் மிஞ்சும் ஏழாயிரத்துக்கு ஒரு மானிட்டர்.

வீடு

கிளம்பும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னான். "இப்ப இருக்க பழைய கம்ப்யூட்டரத் தொட்டா சுர்ருங்குது அம்மான். செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் உட்காருவேன்." அடுத்த ஞாயிறு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கானாடுகாத்தான் போனேன்.

ஆச்சி வீடு பங்கு வீடு. முகப்பு, பட்டாலை என்னும் கூடம், வளவு என்னும் நடு முற்றம், இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில், ஏழு பங்காளிகளுக்குப் பங்கு. ஆச்சி குடும்பத்துக்கு வளவை ஒட்டி இரண்டு அறை. ஒன்றில்தான் கம்ப்யூட்டர். அறைக்கு ஒரு கதவு, அது வளவைப் பார்த்து இருக்கும், ஜன்னல் கிடையாது. அந்தக் காலத்தில் சீர் சாமான் பூட்டி வைக்கக் கட்டிய அறை. சுவர் இரண்டடி கனம். பகலில் உள்ளே குளுமையாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே போகச் சுலபத்தில் வழியில்லை.

ஸ்விட்ச் போர்டைப் பார்த்தேன். மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட்தான், பார்க்கப் புதிதாகவே இருந்தது. கழற்றினால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. மரக் கேசிங்குக்குள் ஓடும் பழைய இரட்டை ஒயரில் யாரோ புது பிளக் பாயிண்ட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேபினெட்டுக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் மீட்டர் 94 வோல்ட் காட்டியது.

இதற்குக் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பொருள் கிடையாது. எஸ்எம்பிஎஸ்சின் வாசலில் மின்சாரத்தில் கலந்து வரும் குறுக்கீட்டை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகக் கேபினெட்டுக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவை வழியாகக் கசியும் துளி மின்சாரம் எர்த் ஒயரில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் பாதியைச் சுமந்துகொண்டு நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைச் சாய்க்காது, சுர்ரென்று மட்டும் இருக்கும். ஆனால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி போர்ட்கள் இதனால் போவதை என் மேஜையில் நிறையவே பார்த்திருக்கிறேன். தவிர, இன்னொரு பொருளில் நிஜமாகவே ஃபேஸ் ஒயர் அதன் வெளிக்கூட்டில் பட்டுவிட்டால் காப்பாற்ற ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்த 94 சொல்லும் சேதி.

"எர்த் போடாம இந்த வீட்டுக்குள்ள புதுப் பெட்டி வரக் கூடாது ஆச்சி" என்றேன். ஆச்சிக்குச் சம்மதம். பங்காளிகளுக்கு இல்லை. வளவுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து இழைத்த பூச்சு. நூறு வருஷமாக ஆணி படாத சுவர். அதில் பைப் அடிப்பது என்றால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள்வரை கேட்டாக வேண்டும். பட்டாலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "விளையாட்டு மிஷினுக்காகவா சுவரை ஒடைக்கிறீக?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

இரண்டு நாள் யோசித்து, சுவரைத் தொடாத வழி ஒன்றைக் கண்டோம். பழைய மரக் கேசிங்கின் மூடியைக் கழற்றி, அதே பள்ளத்தில் பழைய ஒயரை உருவிவிட்டுப் புதுச் செம்பு ஒயர் மூன்றைப் படுக்க வைத்து, மூடியைத் திரும்ப மாட்டினோம். பின்கட்டில் கிணற்றடி ஓரம், எப்போதும் ஈரமாக இருக்கும் இடமாகப் பார்த்து எட்டடி ஜிஐ பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டினோம். அந்த அறைக்கு மட்டும், மின்சாரம் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்று. எல்லாம் 4,800 ரூபாய். வேலை முடிந்ததும் அதே கேபினெட், அதே ஈரத் தரை: மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே.

கேமிங் கம்ப்யூட்டர் பற்றிப் பேச வந்து எர்த் குழிக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன். செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்குப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு முதல் பார்ட் இதுதான் என்று நினைக்கிறேன்.

கார்டு

1440பி திரைக்கு எங்கள் முன் மூன்று கார்டுகள் நின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி, அன்றைய விலை 30,500. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி, 37,000. மறுபடி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி, 47,000.

மூன்றாவது முதலிலேயே விழுந்துவிட்டது. அதை வாங்கினால் யுபிஎஸ்சையும் எர்த்தையும் விட வேண்டும். முதல் இரண்டுக்கும்தான் போட்டி. மருமகன் 5060 பக்கம். டிஎல்எஸ்எஸ் நிறைய கேம்களில் இருக்கிறது, நண்பர்கள் எல்லாரும் என்விடியாதான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. படத்தைச் சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அந்த வித்தையில் என்விடியாதான் முன்னோடி. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4, 9000 வரிசைக் கார்டுகளோடு வந்த பிறகு தரத்தில் நன்றாக நெருங்கிவிட்டது, ஆனாலும் அது வேலை செய்யும் கேம்கள் குறைவு.

என்னைத் தடுத்தது அந்த 8 ஜிபி. 1440பியில் டெக்ஸ்சரை உயர்த்தி வைத்தால் இப்போது வரும் பெரிய கேம்களில் பல 8 ஜிபியைத் தாண்டுகின்றன. தாண்டினால் மிச்சம் கம்ப்யூட்டரின் சாதா ராமுக்குப் போகும். அங்கிருந்து கார்டுக்கு வரும் பாதை குறுகலானது. சராசரி ஃபிரேம் கணக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் திருப்பத்தில் திரும்பும்போது படம் ஒரு கணம் திக்கும், சுவரில் இருக்கும் போஸ்டர் களிமண் மாதிரி தெரிந்து அப்புறம் தெளியும். கார்டை ஐந்தாறு வருஷம் வைத்திருக்கப் போகிற மாணவனுக்கு 6,500 ரூபாய் கூடுதல் கொடுத்து இரண்டு மடங்கு நினைவகம் வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, ஏஐ மாடல் பயிற்சி என்று ஏதாவது செய்பவனாக இருந்தால், என்விடியா கார்டுகளுக்கே உரிய CUDA மென்பொருள் தேவைப்படும். அப்போது கடன் வாங்கியாவது 5060 டிஐ என்றிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. 9060 எக்ஸ்டி என்ற பெயரிலும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு உண்டு. 5060 டிஐயிலும் அப்படித்தான். 3050இல் நடந்த கதைதான். பில்லில் ஜிபி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

மற்றவை

பிராசசரில் ஐ5 12400எஃப் எடுத்திருந்தால் மதர்போர்டு, பழைய வகை டிடிஆர்4 ராம் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் அளவுக்கு மிச்சமாகியிருக்கும். 1440பியில் கார்டுதான் முதலில் திணறும் என்பதால், சைபர்பங்க் மாதிரி கேமில் இரண்டு பிராசசருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் மறைத்தால் நானும் அந்தக் கொட்டேஷன் எழுதினவரும் ஒன்று. ஆனாலும் ரைசன் 5 7600 எடுத்தோம், 18,000. காரணம் இரண்டு. 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. வேலைக்குப் போன பிறகு அதே போர்டில் 7800எக்ஸ்3டி மாதிரி இன்னும் வேகமான ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் ஊர் சம்பந்தப்பட்டது. 7600க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. கேம் ஓடாது, திரை ஓடும். காரைக்குடியில் வாங்கிய கார்டு கெட்டால் வாரண்டிக்குச் சென்னை போய்த் திரும்ப வாரக் கணக்கில் ஆகும். பெயரில் எஃப் போட்ட பிராசசரில் அந்தச் சின்ன கிராபிக்ஸ் இருக்காது, அதுவரை கம்ப்யூட்டரே கிடையாது. அசைன்மெண்ட் யார் எழுதுவது? இதே ஏஎம்5இல் 7500எஃப் மூவாயிரத்துச் சொச்சம் குறைவாகக் கிடைத்தும் விட்டது இதனால்தான். 7600 பெட்டிக்குள் வரும் கூலரே 65 வாட் பிராசசருக்குப் போதும். லிக்விட் கூலர் காசு மிச்சம்.

போர்டு பி650எம், 11,000. ராம் 16 ஜிபி குச்சி இரண்டு, டிடிஆர்5 6000, மொத்தம் 8,500. ஒரே குச்சியாகப் போட்டால் இரட்டைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் ஓட்டுவது மாதிரி. 1 டிபி ஜென்4 எஸ்எஸ்டி 5,200, ஹார்ட் டிஸ்க் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்சில் மட்டும் நான் பிடிவாதம். மின்சாரத்தை வீணடிக்காததற்கு 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) சான்று, ஐந்து வருஷ வாரண்டி, 650 வாட், 5,300. கார்டு 160 வாட், பிராசசர் முட்டினால் 88. கணக்குப்படி 550 போதும். அந்தப் பேர் தெரியாத 750 கெடும்போது தனியாகக் கெடாது, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேபினெட்டுக்கு முன்பக்கம் வலை உள்ளதாக, 4,000. விளையாடும்போது இந்தப் பெட்டி 300 வாட் அளவு இழுக்கும், அத்தனையும் சூடாக அறைக்குள்தான் இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் உடம்பு 100 வாட் அளவு சூடு விடும். ஜன்னல் இல்லாத அறையில் கூட மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதனால் மேஜையைக் கதவு ஓரத்துக்கு மாற்றி, பெட்டியின் முதுகு வளவைப் பார்க்கும்படி வைத்தோம். முற்றத்துத் தூசிக்காக முன்னால் உள்ளிழுக்கும் ஃபேன் இரண்டு, பின்னால் வெளித்தள்ளும் ஃபேன் ஒன்று: உள்ளே காற்று கொஞ்சம் அதிகமாக இருந்தால் இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. தரையில் வைக்க விடவில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை ஆச்சி தினம் ஈரத்துணியால் துடைப்பார்.

யுபிஎஸ் 1100 விஏ, 5,500. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றார்கள். சாதா முறையில் வைத்த இன்வெர்ட்டர், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் நேரத்தை எஸ்எம்பிஎஸ் தாங்காது. அது மூச்சடக்கி நிற்பது பதினாறு பதினேழு மில்லிசெகண்டுதான். விலை குறைந்த யுபிஎஸ் தரும் சதுர அலையோடு சில எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதும் இல்லை. அதனால் வாங்குமுன் கடையிலேயே அதே எஸ்எம்பிஎஸ் போட்ட வேறு கம்ப்யூட்டரில் கேமை ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அணையவில்லை.

ஆச்சி வீட்டில் கணக்கு ஐந்தொகையாக, வரவும் செலவும் எழுதித்தான் முடிய வேண்டும். பெட்டி மட்டும் 89,000, அதில் கார்டு ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். திரை, யுபிஎஸ் சேர்த்து 1,12,000. எர்த் 4,800. கீபோர்டு மவுஸ் 2,700. ஆக 1,19,500.

முதல் ராத்திரி

கார்டை மாட்டி ஆன் செய்தால் திரை இருட்டு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மருமகன் அணைக்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். ஏஎம்5 போர்டில் புது ராம் போட்டால் முதல் தடவை அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். நடுவில் அணைத்தால் திரும்ப முதலிலிருந்து. ஐந்தாவது நிமிஷம் வெளிச்சம் வந்தது.

விண்டோஸ் ஏற்றிவிட்டு நான் கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்குப் போன். "அம்மான், சைபர்பங்க் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுது. கார்டு டூப்ளிகேட்டா?" அவன் குரலில் 37,000 ரூபாய் கரைந்துகொண்டிருந்தது. மானிட்டர் ஒயர் எங்கே இருக்கிறது, படம் எடுத்து அனுப்பு என்றேன். போர்டில் செருகியிருந்தான். நான் பெருமையாகச் சொன்ன அந்தச் சின்ன கிராபிக்ஸ்தான் கேமை இழுத்துக்கொண்டிருந்தது. ஒயரைக் கார்டுக்கு மாற்றியதும் சரி.

மறுநாள் இன்னும் மூன்று. திரை 60 ஹெர்ட்ஸில் கிடந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 180 ஆக்க வேண்டும், தானாக ஆகாது. ராம் 4800இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவை ஆன் செய்த பிறகு 6000. வேலோரண்ட் திறக்கவே மறுத்தது. விண்டோஸ் 11இல் அதற்கு செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்க வேண்டும். இதில் முதல் இரண்டையும் செய்யாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம்

நான் கணக்கில் விட்டது ஒன்று உண்டு: விண்டோஸ் உரிமம். ஐந்தொகையில் அதற்கு வரியே இல்லை. திரை மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் எழுத்தோடு இரண்டு மாதம் ஓட்டி, தீபாவளிக்குக் கிடைத்த பணத்தில் வாங்கினான். என் தப்புதான். ராம் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். அந்த வருஷக் கடைசியில் விலை ஏறி, அதே இரண்டு குச்சி இரட்டிப்பையும் தாண்டிப் போனது. அதனால் மேலே சொன்ன விலை எல்லாம் அந்த ஆவணி மாதத்து விலை. அந்தத் தொகையோடு இன்று கிளம்பினால் ராமில் பாதியைக் குறைத்து, போர்டில் இரண்டு இடத்தைக் காலியாக விட்டு வாங்கச் சொல்வேன்.

தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதக் கரண்ட் கணக்கில் 60 யூனிட் கூடும். ஆச்சி அட்டையைப் பார்த்துவிட்டு வார நாளில் ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டார். வலை ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது. முற்றத்துப் புறா இறகுவரை அதில் வந்து ஒட்டுகிறது.

போன மாதம் போயிருந்தபோது பட்டாலைப் பெரியவர் கூப்பிட்டார். அவருடைய ஃப்ரிட்ஜ் கைப்பிடியும் சுர்ரென்கிறதாம், மழை நாளில் அதிகமாம். "அந்தக் கிணத்தடிப் பைப்புல இருந்து எனக்கும் ஒரு ஒயர் இழுத்துக் குடுத்துருங்களேன். கேசிங்குக்குள்ளயே போகட்டும், சுவரைத் தொட வேணாம்." ஆச்சி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "பைப்புச் செலவுல ஏழுல ஒரு பங்கு வாங்கிக்க தம்பி."